உள்ளங்கை அகலம்

வாசல் தண்ணீர்த் தொட்டிக் கல்லின் வடபுறத்தில் சாணிக்கூடையைச் சாத்தி மறைத்துவிட்டுத்தான் சௌந்திரம் எருமப்பட்டிச் சந்தைக்குப் போனாள். தம்பி கதிர்வேலிடம் விவரத்தைச் சொல்லியிருக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் என்னவென்று சொல்வது?

கதிர்வேல் நாமக்கல்லில் லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்பவன். வெள்ளிக்கிழமை அக்கா மகள் தனப்பிரியாவுக்கு நிச்சயம் என்றதும் மோட்டாரையும் ஹோஸையும் டெம்போவில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். சேற்றில் புரண்டு வந்த லாரியையே மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்புகிறவனுக்கு வாசலும் தண்ணீர்த் தொட்டியும் எம்மாத்திரம்.

அந்தக் கல்லில் நிழல் விழும் பக்கம் பாசி படர்ந்திருக்கும். பாசியின் மேல் சாம்பல் வெள்ளையில் ஒரு பொருக்கு. கல்யாணமான வருடம் அது கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. அவள் புருஷன் தீனதயாளன் போர் போடும் ரிக் வண்டியில் வேலை. போனால் நாலு மாதம் வரமாட்டார்.

"இது உள்ளங்கை அகலம் வரட்டும் சௌந்திரம், ரிக்க உட்டுப்போட்டு ஊட்டோட இருந்துக்கறேன்" என்பார். ஒவ்வொரு தடவையும் வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் அதில் விரல் வைத்து அளப்பார்.

"ஏனுங்க, எத்தன நாளைக்கு இந்த ஏமாத்து?"

"நானா ஏமாத்தறேன்? அதுதான் வளர மாட்டேங்குது."

ஒன்பது வருடத்துக்கு முன், போன இடத்திலேயே மாரடைப்பு. அவர் வரவில்லை, பொருக்கு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது. கல்லூரியில் தாவரவியல் படித்த தனப்பிரியா, "அது பாசி இல்லம்மா. பாசி மேல படர்ற லைக்கன். வருசத்துக்கு ஒரு நூல் வளந்தா அதிகம்" என்றாள். பொங்கலன்று சௌந்திரம் கை வைத்துப் பார்த்தபோது சுண்டுவிரல் மட்டும் வெளியே நின்றது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் அந்தச் சுண்டுவிரல் அகலத்துக்காக அவள் காத்திருந்தாள்.

சந்தையிலிருந்து திரும்பியபோது கல் கருகருவென்று மின்னியது. கூடையும் கழுவிக் கவிழ்த்திருந்தது.

"வெள்ளையா என்னமோ அப்பியிருந்துச்சுக்கா. ரெண்டு தடவ அடிச்சப்பறந்தான் போச்சு" என்றான் கதிர்வேல், பெருமையாக.

பையைக்கூட வைக்காமல் அவள் வடபுறத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"ஏனக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

"ஒண்ணுமில்ல சாமி. வெயிலு."

குனிந்து பையை வைத்தபோதுதான் அவனுடைய ரப்பர் பூட்ஸில் பார்த்தாள். ஒரு பாசித் துணுக்கு, அதன் மேல் வெள்ளை. அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

"அக்கா! என்ன பண்றே? நீ போயி என் காலத் தொட்டுக்கிட்டு!"

"ஆடாம நில்லு."

நகத்தால் மெல்லப் பெயர்த்து எடுத்துப் போய், வடபுறத்துக் கல் இடுக்கில் அதை ஒட்டிவைத்தாள். அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள். சரியாக நகம் அளவு.

"அவசரமில்லீங்க" என்றாள், தம்பிக்குக் கேட்காமல். "மெதுவாவே வாங்க."

உள்ளேயிருந்து தனப்பிரியா கூப்பிட்டாள். கல்லில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. சௌந்திரம் விரலை எடுக்கவில்லை.