பொன்மாரி நகருக்கு ஒரு பேருந்தும் நாற்பத்து நான்கு பேரும்

1

இந்தக் கதையை நான் முதலில் மனுவாகத்தான் எழுதினேன். ஒரு திங்கட்கிழமை, ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அதை வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு ரசீது கொடுத்தார்கள். இருபது வருடமாகக் கதை எழுதுகிறேன். எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ரசீது கிடைத்ததில்லை.

மனுவின் பொருள்: புதுக்கோட்டையிலிருந்து கைகாட்டி நிறுத்தம் வரை வந்து திரும்பும் டவுன் பஸ்ஸை, இன்னும் இரண்டரை கிலோமீட்டர் உள்ளே விட்டு, பொன்மாரி நகர் வரை நீட்டிக்க வேண்டுதல். இணைப்பு: நூற்றைந்து பேரின் பெயர், கதவு எண், கையெழுத்து.

அதில் அறுபத்தொரு பேர் மனிதர்கள். மிச்சம் நாற்பத்து நான்கு பேரை நான் எழுதினேன்.

இதைக் கடைசியில் சொல்லி உங்களை ஆச்சரியப்படுத்தியிருக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஓர் அலுவலகத்தை ஏமாற்றியாகிவிட்டது. உங்களையுமா?

2

ஆரம்ப வரியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மாலை ஆறரை மணிக்கு சொர்ணவல்லியின் கால்கள் கைகாட்டியில் இறங்கியபோது" [விட்டுவிட்டேன். கால்கள் மட்டும் தனியாக இறங்குவது போல் இருக்கிறது.]

"இருபுறமும் தைலமரக் காடு. நடுவே ஒரு தார்ச்சாலை. அதில் இரண்டு பெண்கள்" [இதைப் படித்தால் ஏதோ விபரீதம் வரப்போகிறது என்று நினைப்பீர்கள். எதுவும் வரவில்லை. நாங்கள் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனோம், அவ்வளவுதான்.]

"எனக்குப் பேச ஆள் இல்லை." [இது ஆரம்ப வரி அல்ல. எங்கே வைப்பதென்று தெரியாமல் இங்கே வைத்திருக்கிறேன்.]

சொர்ணவல்லி கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நிற்கிறாள். வேலை பார்க்கிறாள் என்று எழுதியதை அடித்துவிட்டு, நிற்கிறாள் என்று மாற்றினேன். காலை ஒன்பதேகாலிலிருந்து மாலை ஆறு வரை. கெண்டைக்காலில் நரம்புகள் சுருண்டு நீலமாகப் புடைத்திருக்கின்றன.

"கடையில ஸ்டூல் போட்டுருக்காங்கக்கா. ஒக்காரச் சொல்லி சட்டமே வந்துருச்சாம்ல," என்றாள் ஒருநாள்.

"அப்புறமென்ன, உட்கார வேண்டியதுதானே?"

"அதுல துணி பண்டல் ஒக்காந்திருக்கு."

நான் தபால் ஆபீஸில் கவுண்டரில் இருக்கிறேன். என் வேலை ஐந்தரைக்கு முடிந்துவிடும். அவள் வரும் பஸ்ஸிலேயே போகவேண்டும் என்பதற்காக பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். இதை அவளிடம் சொன்னதில்லை. பஸ்ஸில் நெரிசல், பேசமுடியாது. கைகாட்டியில் இறங்கி நகர் வரை நடக்கும் முப்பத்தைந்து நிமிடங்கள்தான் என் நாளில் நான் பேசும் நேரம். மற்ற நேரத்தில் நான் சொல்வதெல்லாம் "ஃபாரத்தை நிரப்பிட்டு வாங்க", "அடுத்த கவுண்டருக்குப் போங்க" ஆகிய இரண்டும்தான்.

அந்த நடை எனக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு அது வலி. மனுவை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட அன்று, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு எழுத உட்கார்ந்தேன். நல்ல பெண் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். இரண்டு திங்கட்கிழமைகளைத் தள்ளிப்போட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

3

சொர்ணவல்லியின் கணவர் சரவணக்குமார், டைல்ஸ் ஒட்டுகிறவர். காலை ஆறு மணிக்கே பைக்கில் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் போய்விடுவார். அவர் ஒரு கெடு வைத்திருந்தார்.

"தை பொறந்தும் பஸ் வரலைன்னா வேலைய விட்டுரணுமாம்," என்றாள் அவள். "காலு போச்சுன்னா கடக்காரனா தருவான்னு கேக்குறாரு. அவரு சொல்றதும் நாயந்தேன்."

"நீ என்ன சொன்னே?"

"என்னத்தச் சொல்ல? வீட்டுல நான் பாப்பா அம்மா. கடையிலதான் சில்க் செக்‌ஷன் சொர்ணா. முகூர்த்தப் புடவைன்னா என்னையக் கேட்டு வாராங்க. சொர்ணா இருக்கான்னு."

[இந்த இடத்தில் ஒரு சந்தேகம். சொர்ணவல்லியை நான் ரொம்பவும் இணக்கமானவளாக எழுதுகிறேனோ? அவளிடம் என் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்திருந்தேன். மறுநாள் திருப்பித் தந்தாள். "நல்லாருக்குக்கா. ஆனா இதுல யாருமே சிரிக்க மாட்டேங்கிறாங்க. அவங்களுக்கெல்லாம் ஒடம்புக்கு என்ன?" என்றாள்.]

4

நகர் நலச் சங்கத்தின் செயலாளர் ரெங்கராஜ், ஓய்வுபெற்ற ஓவர்சீயர். மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய தாள்களை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றாமல் நின்றே பேசினார்.

"டெப்போவுல வாய் வார்த்தையாச் சொல்லிட்டாங்க மேடம். நூறு பேருக்கு மேல இருந்தாத்தான் பைல் நகருமாம். நமக்கு அறுபத்தொண்ணுதான் தேறுது."

"நூற்றுப் பன்னிரண்டு வீடு இருக்கே சார்."

"வீடு இருக்கு. ஆளு எங்க இருக்கு? கிரகப்பிரவேசத்துக்கு வந்தான், பாலக் காச்சுனான், பூட்டுனான், சிங்கப்பூருக்கு பிளைட் ஏறிட்டான். எண்ணிப் பாத்தேன், முப்பத்தெட்டு வீட்டுலதான் வெளக்கு எரியுது." குரலைத் தாழ்த்தினார். "நீங்கதான் கதை எழுதுறவங்களாச்சே. ஒரு நாப்பது பேரு ஒங்களுக்கு ஒரு விசயமா?"

சிரித்தபடிதான் கேட்டார். இதுவரை யாரும் என் எழுத்தை ஒரு வேலைக்கு ஆகும் என்று கேட்டதில்லை.

இரண்டு மாலைகளில் எழுதி முடித்தேன். ஐந்து பேனாக்கள். பூட்டிய வீடுகளின் கதவு எண்கள் எனக்கு மனப்பாடம். முதலில் பெயர் மட்டும் போதும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுவில் "பயணத் தேவை" என்று ஒரு கட்டம் இருந்தது. 27, வனிதா, நர்ஸிங் இரண்டாம் ஆண்டு. 64, ராக்காயி, செவ்வாய்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி. 71, உதயசூரியன், பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. வனிதாவுக்கு உடற்கூறியல் தாளில் அரியர் இருப்பது எனக்குத் தெரியும். கட்டத்தில் இடம் போதாததால் எழுதவில்லை.

45 என் எதிர்வீடு. அங்கே மணிமேகலையை வைத்தேன். ஐம்பத்தாறு வயது, விதவை, தையல் மிஷினுக்கு உதிரி பாகம் வாங்க டவுனுக்குப் போகிறவர். அவர் கருவேப்பிலை கேட்டு வருவார். வந்தால் சீக்கிரம் போகமாட்டார். டீ போட்டுக்கொடுத்தால், சர்க்கரை தூக்கல் என்று குறை சொல்வார். அடுத்த முறை அதே டீயைக்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

5

மனு கொடுத்த பதினேழாம் நாள், போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அழகுமலை என்பவர் நேரில் விசாரிக்க வந்தார். புதன்கிழமை, காலை பதினொரு மணி. அன்று சொர்ணவல்லிக்கு வார விடுமுறை. நான் லீவ் போட்டிருந்தேன். பூங்காவுக்கென்று ஒதுக்கிய காலி மனையில், வேப்பமரத்தடியில் பதினைந்து பேர் கூடினோம். மனுவின் கடைசிப் பக்கங்களை விரித்து அவர் பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்.

ரெங்கராஜின் முகம் வெளுத்தது. என் முகம் எப்படி இருந்ததென்று தெரியாது.

"இருபத்தேழு, வனிதா."

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "காலேஜுக்குப் போயிருக்கு சார். இந்நேரத்துக்கு நர்ஸிங் புள்ள வீட்டுலயா இருக்கும்?"

சொர்ணவல்லி. வனிதா யாரென்று அவளுக்குத் தெரியாது. பயணத் தேவைக் கட்டத்தை அழகுமலையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"அறுபத்து நாலு, ராக்காயி."

"இன்னைக்கு என்ன, புதனா? நேத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிட்டு வந்து படுத்துக் கெடக்கு சார். கூப்புட்டா வராது, வையும்."

கூட்டத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆளுக்கொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். உதயசூரியனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதாக ஒருவர் சொன்னார். நான் எழுதாத கல்யாணம். தனியாக எழுதி வைத்திருந்த ஆட்களைப் பத்துப் பேர் சேர்ந்து வளர்ப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெயிலிலும் எனக்குச் சிலிர்த்தது.

"நாப்பத்தஞ்சு, மணிமேகலை."

இதற்கு நான்தான் சொல்லவேண்டும். ரெங்கராஜ் அவசரமாக முந்திக்கொண்டார். "அவங்க காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சார். மக வீட்டோட. இனி வரமாட்டாங்க."

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வரியை என்னால் அடித்துத் திருத்த முடியவில்லை.

எல்லோரும் கலைந்தபின் அழகுமலை என்னிடம் வந்தார். தாளைத் திருப்பி, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிக் காட்டினார்.

"பேனாவ மாத்தியிருக்கீங்க. கைய மாத்தலையே. நாப்பது கையெழுத்தும் ஒரே அழுத்தம்."

நானும் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன்.

"இருபது வருசம் கண்டக்டரா இருந்தவன் மேடம் நான். விரலுக்குத் தெரியும்." தாளை மடித்தார். "பஸ்ஸு கையெழுத்த ஏத்தாது. ஆள ஏத்தும். பதினஞ்சு நாள் சோதனை ஓட்டத்துக்கு எழுதிக் குடுக்கிறேன். காலைல எட்டு இருபது, சாயங்காலம் ஆறு நாப்பது. கடைசி நாள் காலைல நானே வந்து எண்ணுவேன். முப்பது தலை இருந்தா ஓடும். இல்லைன்னா நீங்க எழுதுனதோட சரி."

6

மார்கழி முதல் வாரத்தில் பஸ் வந்தது. அன்று தேங்காய் உடைத்தார்கள், டிரைவருக்கு மாலை போட்டார்கள். ஐம்பது பேர் ஏறி, கைகாட்டியில் இறங்கி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் இருபத்திரண்டு பேர். ஐந்தாம் நாள் பதிமூன்று. பத்தாம் நாள் எட்டு.

ஏறாதவர்கள் என் நாற்பத்து நான்கு பேர் மட்டும் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். உண்மையாகக் கையெழுத்துப் போட்டவர்களும் வரவில்லை. பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்றாலும் வரவில்லை. பஸ் வேண்டும் என்றுதான் எல்லோரும் விரும்பினார்கள், மற்றவர்கள் போவதற்கு. ரெங்கராஜ் தன் காரில் எங்களைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடித்து, பஸ்ஸுக்குக் கையும் காட்டினார். அவர் பின்னால் பைக்குகளும் ஸ்கூட்டர்களும் போயின.

"கையெழுத்துப் போட்ட கையிதான் ஆக்ஸிலேட்டர முறுக்குது, பாருங்கக்கா," என்றாள் சொர்ணவல்லி.

அவளுக்கு ஜன்னலோர இருக்கை. மாலையில் கைகாட்டி தாண்டியதும் தூங்கிவிடுவாள். முப்பத்தைந்து நிமிட நடை, ஏழு நிமிடத் தூக்கமாகிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கால்களைப் பார்ப்பேன். வீக்கம் வடிந்திருந்தது. என்னிடம் பேசாத அவளைப் பார்த்துக்கொண்டே வருவது, இரண்டு மூன்று நாட்களுக்குப் பிறகு பழகிவிட்டது. [பழகவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் தோன்றவில்லை.]

7

முதல் முடிவு. பதினைந்தாம் நாள் காலை, பனி விலகாத நேரத்தில், பூட்டிய வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வனிதா வெள்ளைக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடிவருகிறாள். ராக்காயி படியில் நின்று டிரைவரை வைகிறாள். மகள் வீட்டிலிருந்து மணிமேகலையும் திரும்பி வந்துவிடுகிறார். நான்கு பக்கம் எழுதினேன், நன்றாகவே வந்தது. திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். பஸ் நிரம்பியிருந்தது. சொர்ணவல்லிக்கு உட்கார இடமில்லை. அவளை நிற்க வைத்துவிட்டேன்.

கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு. ஒன்பது பேர். அழகுமலை எண்ணி, எழுதி, கிளம்பிப் போகிறார். சொர்ணவல்லி வேலையை விடுகிறாள். நான் கைகாட்டியில் இறங்கித் தைலமரங்களுக்கு நடுவே தனியாக நடக்கிறேன். இது எனக்குத் தடையில்லாமல் வருகிறது. இருபது வருடமாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கடைசிப் பத்தியில் ஒரு பெண் தனியாக நடந்து போகும் கதைகள். சுலபமாக வருகிறது என்பதாலேயே இதையும் வேண்டாமென்று வைக்கிறேன்.

ஆகவே இப்போது நடப்பதை எழுதுகிறேன். பதினான்காம் நாள் மாலை. இன்றைய கணக்கு ஒன்பது பேர். பஸ் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. சொர்ணவல்லி தூக்கம் கலைந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அந்த லிஸ்ட்டுல நீங்க எழுதுனதுல ஒருத்தரு கூடவா நெசமில்ல?"

"இல்லை."

"வனிதா கூடவா?"

"வனிதாவும்தான்."

"அடப் பாவமே. அதுக்காக நான் எம்புட்டுப் பரிஞ்சு பேசிட்டேன்." கொஞ்சம் சிரித்துவிட்டு, "ஆமா, இல்லாதவங்க வீட்டுக் கதையெல்லாம் எழுதுனீங்களே, இருக்கிறவங்க வீட்டுக்கு என்னைக்காவது போயிருக்கீங்களா?" என்றாள்.

நான் இங்கே குடிவந்து நான்கு வருடம். விளக்கு எரியும் முப்பத்தெட்டு வீடுகள். என் வீட்டைத் தவிர ஒன்றிலும் நான் நுழைந்ததில்லை. ரெங்கராஜ் செருப்பைக் கழற்றாமல் ஏன் நின்றார் என்று அப்போது யோசித்தேன். அதற்கு முந்திய நான்கு வருடமும் அவரை நான் வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசியனுப்பியது நினைவுக்கு வந்தது.

"வாங்க போவோம். இருபத்தோரு பேரு கூட வேணும்ல," என்றாள்.

"உன் கால்?"

"ஒக்காந்துதானே வந்தேன்? நடங்க."

இதுவரை ஆறு வீடுகள் ஆகிவிட்டன. ஒருவர் வருகிறேன் என்றார். ஒருவர் பார்க்கலாம் என்றார். ஒரு வீட்டில் டீ கொடுத்தார்கள். இப்போது முப்பத்தொன்றாம் எண் வீட்டின் முன் நிற்கிறோம். உள்ளே விளக்கு எரிகிறது. வாசலில் ஸ்கூட்டர். இந்த வீட்டுக் கையெழுத்து மனுவில் ஏழாவதாக இருக்கிறது. உண்மையானது, ஆனால் பெயரைப் படிக்கமுடியாதபடி கிறுக்கல்.

உள்ளே இருப்பவர் என்ன சொல்வார் என்று எனக்கு எழுதத் தெரியும். குழந்தையைப் பள்ளியில் விடவேண்டும், ஆபீஸுக்கு நேரமாகிவிடும், வண்டிதான் இருக்கிறதே. அவருக்காக ஒரு சம்மதத்தைக்கூட என்னால் எழுத முடியும். இரண்டையும் எழுதப் போவதில்லை. உள்ளே இருப்பவர் நீங்கள். நான் கேட்பது ஒரு நாள், நாளைக் காலை, எட்டு இருபது.

மணியை அழுத்தினேன். சத்தம் வரவில்லை.

"பெல்லு வேலை செய்யல போல. டிவி வேற ஓடுது. சத்தமாக் கூப்புடுங்கக்கா."

"பேர் தெரியலையே."

"எனக்கு மட்டும் தெரியுமா? கூப்புடுங்க."

கேட்டைப் பிடித்துக்கொண்டு, கவுண்டரில்கூட நான் பேசியிராத குரலில் கூப்பிட்டேன்.

"வீட்டுல யாருங்க?"