மண்பாதையில் ஏறிய பிக்கப்

மழை தொடங்குவதற்குள் வண்டியைத் தயார் செய்துவிட வேண்டும் என்று சின்னவள் ஒற்றைக்காலில் நின்றாள். அப்பாவுடைய பழைய பிக்கப் அது. பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கிற ரகம். தார்ச்சாலையில் சமர்த்தாகப் போகும். சேற்றைக் கண்டால் படுத்துவிடும். மேட்டுத் தோட்டங்களுக்குப் போகிற மண்பாதையில் மழைக்காலத்தில் எந்த வண்டியும் ஏறாது. அங்கே விளையும் கோஸும் உருளைக்கிழங்கும் தலைச்சுமையாக இறங்கும், இல்லையென்றால் தோட்டத்திலேயே அழுகும். அந்தப் பாதையில் வண்டி ஏறிவிட்டால் வருஷம் முழுக்கச் சவாரிக்குப் பஞ்சமிருக்காது என்பது அவள் கணக்கு. அப்பாவுக்கு முழங்கால் போன நாளிலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தவள் அவள்தான்.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாலு சக்கரமும் இழுக்குற வண்டியே அங்க முக்குது. இதுக்கு உசரமா செருப்பு மாட்டிவிட்டா ஏறிடுமா?"

அவள் சவாரி இல்லாத நேரமெல்லாம் கொட்டகையில் வண்டிக்கடியில் கிடந்தாள். பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு தகடு கூடுதலாகச் சேர்த்து உயரம் ஏற்றினாள். முன்ஸ்பிரிங்குக்கு இரும்பு வளையம் வைத்தாள். கல் இடித்து ஆயில் கொட்டாமலிருக்க இன்ஜினுக்குக் கீழே தடித்த தகட்டை வளைத்து மாட்டினாள். ஒரு பின்சக்கரம் வழுக்கிச் சுற்றினால் மற்றது சும்மா நிற்கும், அதுதான் பெரிய தலைவலி. இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கிற பூட்டு ஒன்றைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்து, பின்அச்சின் நடுவிலிருக்கும் கிரவுனைப் பிரித்துப் பொருத்தினாள். காதிலிருந்த தோடு சேற்றைக் கவ்வும் பட்டன் டயராக மாறியது. அம்மா இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள்.

முதல் மழையிலேயே வண்டி ஏறியது. உறுமவில்லை, அவசரப்படவில்லை, கல்லைத் தடவித் தடவி ஏறிற்று. மேட்டுத் தோட்டக்காரர் பாதையோரம் நின்று வாயைப் பிளந்தார். "எங்க ஊட்டு வாசலுக்கு வண்டியா! கண்ணு, நீ நல்லா இருக்கணும்." அந்த மழைக்காலத்தில் ஒரு கோஸ்கூட அழுகவில்லை.

மழை ஓய்ந்ததும் ஒரு காலையில் சாவி ஆணியில் இல்லை. அண்ணன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இனிமே அவன் ஓட்டட்டும்மா. தொழில்தான் நல்லா பிடிச்சுக்கிச்சே" என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"பிடிக்க வெச்சது யாருப்பா?"

"யாரு இல்லேன்னா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா வண்டியையும் கூட்டிக்கிட்டா போவே?"

டயருக்குப் போன தோட்டைப் பற்றி ஒரு சொல் வந்து அவள் நாக்கில் நின்றது. விழுங்கிவிட்டாள்.

அடுத்த மழையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. பாதி மேட்டில் வண்டி புதைந்துவிட்டதாம். அவள் சேற்றில் நடந்தே போனாள். அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மிதியில் சக்கரம் அச்சுவரை குழிபறித்திருந்தது. கிளட்ச் தீய்ந்த நாற்றம். அவள் டயரில் காற்றைக் குறைத்தாள், குழியில் கல்லை அடுக்கினாள், பின்பக்கம் கனம் ஏற மூட்டைகளை நகர்த்தினாள். பிறகு அவளே உட்கார்ந்து மெல்ல எடுத்தாள்.

வீட்டில் அப்பா வாசலுக்கே வந்து மகனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "அடிபட்டாத்தான் தொழில் படியும். பத்திரமா கொண்டுவந்து சேத்துட்டியே, அது போதும்." சாவி மறுபடியும் அவன் பைக்குள் போனது. நனைந்த பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றவளை யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் மேட்டுப் பக்கமே திரும்பவில்லை. உயரமான வண்டி கடைவீதியில்தான் உலாத்தியது. சேக்காளிகள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தோட்டக்காரர் அவளைப் போனில் கூப்பிட்டார். "உங்கண்ணன் வர மாட்டேங்குறாப்ல கண்ணு. வண்டி அடிவாங்குதாம். கோஸெல்லாம் வெடிச்சுக் கெடக்கு. நீயே வாயேன்."

"வண்டி எங்கிட்ட இல்லீங்க."

"நீ செஞ்ச வண்டிதானே?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

வாசலில் அண்ணன் குழாயைப் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். "ஏய், டயர் இடுக்குல அழுக்குப் போகவே மாட்டேங்குது. எதைப் போட்டுத் தேய்க்கணும்?"

"சோப்புத் தண்ணி போடு" என்றாள். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பாள். அவன் முன்னால் அழ அவளுக்கு மனமில்லை.