பதினோரு நிமிட ஒலிபரப்பு

மார்ச் 14, சனி. இன்று ஒரு சிறு தவறு செய்தேன்: மைக்கின் மேல் நோட்டை வைத்தேன். 'சிறு' என்று எழுதலாமா என்று தெரியவில்லை. முழுவதையும் எழுதிவிட்டுப் பார்க்கிறேன்.

நாளை ஓட்டப்பந்தயம். வழியில் ஒன்பது முதலுதவி முனைகள். ஒவ்வொன்றிலும் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்து ஆள் ஒருவர் கருவியோடு நிற்பார். யாராவது மயங்கி விழுந்தால் மையத்தில் இருப்பவர் ஆம்புலன்ஸை அனுப்ப வேண்டும். மாலை வகுப்பில் படித்து உரிமம் வாங்கி நான்கு மாதமே ஆன எனக்கு அந்த மைய நாற்காலியைத் தந்திருந்தார் சங்கத் தலைவர். அவர் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். சம்பளமில்லாத பதவியை வேறு யாரும் கேட்காததால் ஆறு வருடமாகத் தலைவர். நானாக வாய்விட்டுக் கேட்டு வாங்கிய முதல் பொறுப்பு இந்த நாற்காலி.

மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தே ஒத்திகை. "எல்லா முனையும் வரிசையா பதில் சொல்லுங்க, ஓவர்" என்று சொல்லி மைக்கைக் கீழே வைத்தேன். பதிலை எழுதத் தடித்த நோட்டை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டேன். ஒரு முனையும் பதில் சொல்லவில்லை. அவசரப்பட்டு மறுபடி கூப்பிடக் கூடாது என்பது வகுப்பில் எழுதிய விதி. காத்திருந்தேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்: "என்னடி, ஒருத்தரும் வாயத் திறக்கல?"

"நான் கூப்பிட்டா மதிப்பாங்களாக்கா? தலைவர் கூப்பிட்டா ஓடி வருவாங்க. அவர் ஆரம்பிச்சா முழங்கால் வலியில தொடங்கி முதல் சட்டை தைச்ச கதை வரைக்கும் போவாரு. போன வாரம் பதினாலு நிமிஷம்!"

"அவர் தைச்ச என் சட்டை மாதிரியே. கை மட்டும் நீண்டுக்கிட்டே போகுது."

நான் அவர் குரலில் முழங்காலைப் பற்றிப் பேசிக் காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

கதவு இடிபட்டது. தலைவர். கழுத்தில் அளவு நாடா, மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்பு.

"அம்மா தாயே! முதல்ல மைக்கை விடு!"

"நான் தொடவே இல்லையே சார்."

நோட்டைத் தூக்கினேன். அடியில் அமுங்கியிருந்த பட்டன் 'டக்' என்று எழுந்தது. அது அமுங்கியிருக்கும் வரை என் பேச்சு எல்லா முனைக்கும் போகும்; மற்ற யார் குரலும் எனக்கு வராது. மூன்று நிமிடத்தில் ஒலிபரப்பு தானே நிற்கும் வசதி என் கருவியில் உண்டு. நீண்ட அறிவிப்பு அறுந்துவிடக் கூடாதென்று நேற்று நானேதான் அதை அணைத்தேன். ஒத்திகைக்கு இடைஞ்சல் வேண்டாமென்று போனையும் ஊமையாக்கியிருந்தேன்.

"முழங்கால் எப்படி இருக்கு தலைவரே? ஓவர்" என்றார் கருவியில் இரண்டாம் முனைக்காரரான பஸ் டிரைவர்.

"அந்தச் சட்டைக் கையை யாராவது வெட்டுங்கப்பா, ஓவர்" என்றார் நான்காம் முனைக்காரரான பல் டாக்டர்.

அக்கா துணிக்கூடையோடு உள்ளே ஓடிவிட்டாள்.

"நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடுங்க சார்" என்றேன்.

"பதினாலு நிமிஷமா?" என்றார் தலைவர்.

போன வாரம் அவர் பேசிய நேரத்தைக் குறித்திருந்த வரியை நோட்டில் காட்டினேன். அவர் விரல் அந்த வரியைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஒவ்வொரு முனைக்கும் எந்த வழியாக ஆம்புலன்ஸ் போக வேண்டும், எத்தனை நிமிடம் ஆகும், எந்தச் சந்து அடைப்பு என்று நான் நடந்து பார்த்து எழுதிய பக்கம். நின்றபடியே கடைசி வரி வரை படித்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"நாளைக்கு இந்த நாற்காலியில யாரு? ஒரே வரியில சொல்லுங்க, ஓவர்."

"பொண்ணே உட்காரட்டும். பதினோரு நிமிஷம் தண்ணி குடிக்காம பேசுது. ஓவர்" என்றார் பஸ் டிரைவர்.

"சம்மதம். நோட்டு மட்டும் மடியில இருக்கட்டும். ஓவர்" என்றார் பல் டாக்டர்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கிட்டியாம்மா? நாளைக்கு நான் அரை நிமிஷத்துக்கு மேல பேசினா, பேச்சை நிறுத்தச் சொல்லிடு."

"உங்களையா சார்?"

"பின்னே? நான் கதை பேசிட்டு இருக்கறப்போ ஒருத்தன் விழுந்து கிடந்தா, அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

மறுபடி ஒத்திகை பார்த்தோம். ஒன்பது முனையும் நான்கு நிமிடத்தில் முடிந்தன. ஏழாம் முனையில் மட்டும் பேட்டரி பலவீனம்.

நாளை: காலை ஐந்து மணிக்கு ஏழாம் முனைக்கு மாற்று பேட்டரி கொடுக்க வேண்டும். ஐந்தரைக்கு மையத்தில் இருக்க வேண்டும்.