ரெமிஜியஸ் மலைக்குத் தயாரான கதை

பேராவூரணிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ரெமிஜியஸுக்கு உயரம் என்றால் பயம். தோப்புக்காரனாக இருந்தும் அவன் ஒரு மரம்கூட ஏறியதில்லை. காய் பறிக்க ஆள் ஏறினால் அண்ணாந்து பார்க்கவும் மாட்டான். ஊருக்கே தெரிந்த இந்த விஷயம் அவன் மனைவி அமலிக்கு மட்டும் தெரியாது. கல்யாணமான சில மாதங்களிலேயே அவள் குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். விடுமுறையில் வந்தாலும் உறவுக்காரர் வீடு, வேளாங்கண்ணி, கல்யாணம், துக்கம் என்று நாள் ஓடிவிடும். புருஷனைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில், மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் போன் செய்தாள்.

"என்னங்க, இங்க குளிர்காலத்துல பாலைவனத்துல கூடாரம் அடிச்சுத் தங்குறாங்க. டாக்டரம்மா என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. மணலத் தவிர ஒண்ணுமில்ல, ஆனாலும் நல்லாருந்துச்சு. இந்தத் தடவை நம்ம ரெண்டு பேரும் மலைக்குப் போவோமா? காட்டுப் பக்கம், மரங்களுக்கு நடுவுல. நம்ம மட்டும். கூடாரம் நான் வாங்கிட்டு வர்றேன்."

அவள் வாய்விட்டு எதையும் கேட்டவள் இல்லை. ரெமிஜியஸ் யோசிக்காமல், "போவோமே" என்று சொல்லிவிட்டான்.

கொல்லிமலையிலிருந்து மிளகு வாங்கிவரும் சிங்காரவேலுவிடம் போய்க் கேட்டான். "எனக்குத் தெரிஞ்சவர் காப்பித் தோட்டம் இருக்கு. தோட்டம் முடியிற எடத்துல காடு. தாராளமா கூடாரம் போட்டுக்கலாம்" என்றார் அவர்.

"பாதை எப்படிண்ணே?"

"வளைவு மட்டும் எழுபது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒண்ணுமே இல்ல."

அந்த 'ஒண்ணுமே இல்ல' அன்று அவனைச் சோறு தின்னவிடவில்லை. பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தான். ஆனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயலும் வாய்க்காலுமாகத் தட்டையாகக் கிடக்கும் ஊரில் உயரத்துக்கு எங்கே போவது? பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது. மோட்டார் போடும் துரைக்கண்ணுவிடம் கெஞ்சிக் கேட்டு, காலைப் பூசை முடிந்ததும் அதன் இரும்பு ஏணியில் ஏறிப் பழகினான். முதலில் ஆள் உயரம். பிறகு கூரை உயரம். தவக்காலத்து வேண்டுதல்போல என்று ஊர் நினைத்துக்கொண்டது. ஈஸ்டர் முடிந்தும் அவன் ஏறுவதை நிறுத்தாதபோதுதான் ஊர் வேறு மாதிரி யோசித்தது.

ஒருநாள் காலை அவன் உச்சிக்கே போய்விட்டான். சந்தோஷத்தில் கீழே பார்த்தான். அவ்வளவுதான். கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவனுக்குக் கால் அசையவில்லை. கீழே கூட்டம் கூடியது. "பொண்டாட்டி சீமையில இருந்தா ஆம்பள மனசு என்னத்துக்கு ஆவும்!" என்று பக்கத்து வீட்டுக் கமலாம்பாள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்நேரம் பார்த்துத் திருச்சி விமான நிலையத்திலிருந்து வந்த வாடகைக் கார் ஒன்று கூட்டத்தருகே நின்றது. அதிலிருந்து அமலி இறங்கினாள். ரெமிஜியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் ஏணி அதிர்ந்தது. யாரோ மூச்சிரைக்கப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"குதிக்கப் போறீங்கன்னு கீழ சொல்றாங்க."

"குதிக்கவா? எனக்கு எறங்கவே தெரியல அமலி."

கண்ணைத் திறக்காமலே எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"மொத மொதல்ல ஒண்ணு கேட்டே. எப்படிச் சொல்றது?"

"காடுதானே வேணும்? முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போவோம். படகுல போயிட்டு வந்துடலாம். எல்லாம் தரை மட்டந்தான்."

"வேணாம். இவ்வளவு ஏறியாச்சு. மலைக்கே போவோம்."

அவள் இரண்டு படி முன்னால் இறங்கி, ஆஸ்பத்திரியில் நோயாளியை நடத்துவதுபோல அவன் பாதங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படியில் வைத்தாள். "வலது கால விடுங்க... நான் பிடிச்சிருக்கேன்... இப்ப இடது." அவன் கால் தரையில் பட்டதும் துரைக்கண்ணு கைதட்டினார். கமலாம்பாள் இருவருக்கும் சுற்றிப் போட்டாள்.

அடுத்த வாரமே கிளம்பினார்கள். வளைவுகளில் ரெமிஜியஸ் அவள் மடியில் தலையைப் புதைத்துக்கொண்டான். எலுமிச்சம்பழத்தை அவன் மூக்கருகே பிடித்தபடி, "இப்ப மூங்கில்... இப்ப ஒரு குரங்குக் குடும்பம்... இப்ப மேகம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் அமலி. இரண்டு முறை பஸ்ஸை நிறுத்தி வாந்தியெடுத்தான். காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடிக்க இருவருக்கும் தெரியவில்லை. ஒருவழியாக நின்ற கூடாரம் பலாமரத்தின் பக்கம் சாய்ந்தே நின்றது.

விடிந்ததும் ரெமிஜியஸ் எழுந்தான். இரவுப் பணியிலேயே வருடங்களைக் கழித்த அமலி, வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்ப மனம் வராமல் வெளியே வந்தான். பனி எல்லாவற்றையும் மூடியிருந்தது. தைரியமாகத் தோட்டத்தின் ஓரம் வரை நடந்தான். வெயில் ஏறப் பனி விலகியது. காலடியில் பள்ளத்தாக்கு திறந்தது. மரங்கள், மரங்கள், எங்கோ ஆழத்தில் அருவிச் சத்தம். அழகாகத்தான் இருந்தது. நின்று பார்த்தான், முடிந்த மட்டும். பிறகு தவழ்ந்தபடியே கூடாரத்துக்குத் திரும்பினான்.

"பயந்துட்டீங்களா?" என்றாள் அமலி, கண் திறக்காமல்.

"ஆமா."

"வாங்க" என்று போர்வையைத் தூக்கி இடம்விட்டாள்.