ஏழு உறைக்கு ஏழு தபால் கூலி

ஒரே ஆள் ஏழு பொருள் வாங்கினால் ஏழையும் ஒரே உறையில் போட்டு ஒரு தபால் கூலிதான் வாங்குவேன். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் என்னிடம் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் என் விற்பனைப் பக்கத்தில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். கட்டி முடித்துவிட்டு, "சேர்த்து அனுப்பியிருக்கலாமே, மிச்சத்தைத் திருப்பிக் கொடு" என்று வருகிறவர்களைக் கண்டால் எனக்கு உச்சந்தலை வரை சூடு ஏறும். இருபத்திரண்டு வருஷம் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறியவள் நான். இன்னொரு கரண்டி கஸ்டர்டு கேட்ட தலைமை ஆசிரியரையே வரிசையின் கடைசிக்குத் திருப்பி அனுப்பியவள்.

விற்பது பழைய பொத்தான்கள். கண்ணாடி, சிப்பி, கொம்பு எல்லாம் உண்டு. ஏலத்தில் டப்பா டப்பாவாக வாங்கி வருவேன். கிர்ஸ்டி அவற்றைக் கழுவி, ஜோடி சேர்த்து, ஆறு ஆறாக அட்டையில் தைத்துக் கொடுப்பாள். சிவப்பு நூலில் குறுக்குத் தையல் போட்டு, நுனியைச் சின்ன முடிச்சாக முடிப்பாள். அவள் கை பட்ட பிறகு விற்பனை இரண்டு மடங்கு ஆனது.

கிர்ஸ்டி தன் நாலு வயது மகள் ஐலாவுடன் என் மாடி அறைக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பெண்கள் காப்பகத்தில் வேலை செய்யும் என் சினேகிதி ஜூடித் கொண்டுவந்து விட்டாள். கிர்ஸ்டியின் புருஷன் க்ரெய்க் அவளுடைய மணிக்கட்டை இரண்டு தடவை உடைத்தவன். ஓடிப்போனால் தேடி வந்து கொல்வேன் என்று சொன்னவன். அவள் இந்த ரேவன்பியில், கடற்கரை ஓரத்து இந்தச் சின்ன ஊரில் இருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியவே கூடாது. எங்கள் வீட்டில் எல்லாச் சட்டத்துக்கும் மேலான சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தை நான் பொத்திப் பொத்திக் காத்தேன். உறையின் பின்னால் அனுப்புநர் முகவரி எழுத மாட்டேன். தளத்தில் பதிந்திருப்பது லீட்ஸில் என் அண்ணன் மகன் ரஸ்ஸல் வைத்திருக்கும் சலவைக்கடையின் முகவரி. தபால்தலைதான் ஒட்டுவேன். முத்திரை விழுவது பெரிய அஞ்சல் மையத்தில் என்பதால் அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. ஜூடித்தே ஒரு நாள், "உன்னைப் பாத்து எங்க ஆளுங்க கத்துக்கணும்டி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரலில் திருமதி பி. லட்லோ வந்தாள். நாட்டிங்ஹாம் பக்கத்து முகவரி. முதல் நாள் நீலக் கண்ணாடிப் பொத்தான் ஓர் அட்டை, மறுநாள் சிப்பி ஓர் அட்டை என்று மூன்று வாரத்தில் ஏழு அட்டை வாங்கினாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக உடனே பணம் கட்டினாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக நான் அனுப்பினேன். பூனை வளர்க்கும், காது கேட்காத, தனிக்கட்டையான ஒரு கிழவியை மனதில் வரைந்து வைத்திருந்தேன்.

இடையில் ஒரு செய்தி வந்தது. "தையல் வேலை மிக நேர்த்தி. நீங்களே செய்வதா?"

"நான் ஊசி பிடித்தால் விரல்தான் தைபடும். வீட்டில் கெட்டிக்காரக் கை ஒன்று இருக்கிறது," என்று பதில் போட்டேன். பாராட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஏழாவது உறை போய்ச் சேர்ந்த மறுநாள் தொடங்கியது வம்பு. ஏழுக்கும் சேர்த்து ஒரே தபால் கூலிதான் வாங்கியிருக்க வேண்டும், மீதியைத் திருப்பிக் கொடு என்றாள். விதியைக் காட்டினேன். சில உறைகள் ஒரே நாளில் வந்தன, ஆகவே நீ சேர்த்துத்தான் அனுப்பியிருக்க வேண்டும் என்றாள். செவ்வாய், வெள்ளிதான் அஞ்சலகம் போவேன் என்று வேண்டாத விவரம் எதுவும் சொல்லாமல், என் வசதிப்படிதான் அஞ்சலில் சேர்ப்பேன் என்று மட்டும் எழுதினேன். பார்த்தீர்களா, அப்போதும் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்திருக்கிறேன்! தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு செய்தி வந்தது. கோபமே இல்லாத, மரியாதையான செய்தி. நான் நாலு வரி திட்டினால் அதற்கு நன்றி சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

கிர்ஸ்டி அடுப்பருகே நின்று ஐலாவுக்கு டோஸ்டின் மேல் தக்காளிச் சாற்றில் வெந்த பீன்ஸை ஊற்றிக்கொண்டிருந்தபோது படித்துக் காட்டினேன்.

"குடுத்துத் தொலைங்க கிளெண்டா. என் பங்குலேர்ந்து எடுத்துக்கங்க."

"எதுக்குக் குடுக்கணும்? விதி விதிதானே? இன்னிக்கு இவளுக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே கையேந்திட்டு வரும்."

"இப்படி விடாம கேக்கறவங்க காசுக்காகக் கேக்க மாட்டாங்க," என்றாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "க்ரெய்க்கும் சாவி எங்க, சாவி எங்கன்னு ஒரு நாள் பூரா கேப்பான். சாவி அவன் பாக்கெட்லயே இருக்கும்."

"அட நீ ஒண்ணு. இது எவளோ பொழுது போகாத கெழவி. எங்கிட்ட தபால் கூலிச் சண்டைக்கு வந்தவங்க யாரும் ஜெயிச்சதில்ல."

மறுநாள் லட்லோ தளத்திலேயே புகார் பதிந்துவிட்டாள். அதில் எழுதியிருந்தது இது: "விற்பனையாளர் ஏழு தடவை அனுப்பவே இல்லை. தபால் கூலியைத் திருடுகிறார். அனுப்பியிருந்தால் அஞ்சலகத்தில் கொடுத்த சான்றுச் சீட்டுகளைக் காட்டட்டும்."

திருடி! என்னையா!

என்னிடம் சீட்டு இல்லாமல் இருக்குமா? என்னைப் போன்ற சில்லறை விற்பனையாளர்கள் பல்லை விட்டாலும் அஞ்சல் சான்றுச் சீட்டை விடமாட்டோம். கவுன்ட்டரில் உறையைக் கொடுத்ததும் கேட்டு வாங்கி, மாத வாரியாகக் கவ்வியில் மாட்டி வைப்போம். ஏழையும் உருவினேன். சமையல் மேசையில் வரிசையாகப் பரப்பினேன். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் திரையை வேறு ஒதுக்கினேன். எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழும்படி படம் எடுத்து, "கண் இருந்தால் படித்துப் பார்" என்று ஒரு வரியும் சேர்த்து ஏற்றிவிட்டேன். கிர்ஸ்டி மாடியில் ஐலாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாம் நாள் தீர்ப்பு வந்தது. நியாயம் என் பக்கம். கொண்டாட்டமாக மீனும் சிப்ஸும் வாங்கி வந்தேன். ஐலா பட்டாணிக் கூழை மூக்கில் பூசிக்கொண்டு சிரித்தாள். சாப்பிட்டு முடித்த நேரத்தில் கைபேசியில் தளத்தின் அறிவிப்பு சிணுங்கியது. லட்லோ எனக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். தோற்ற பிறகு நட்சத்திரம் கொடுக்கிறவளை நான் கண்டதே இல்லை. அதன் கீழே, "நேர்மையான விற்பனையாளர். செவ்வாய், வெள்ளி காலை ஒன்பதே கால், ஒரு நாளும் தவறியதில்லை" என்று இருந்தது.

சீட்டில் அச்சாகும் நாளையும் மணியையும் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிர்ஸ்டியிடம் சொன்னால் வீணாகப் பயப்படுவாள் என்றும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் சொன்னதைக் கேட்காமல் சண்டை போட்டதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் அஞ்சலகம் மளிகைக் கடையின் கோடியில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் போலின் உட்கார்ந்திருப்பாள். எனக்கு முன்னால் ஓய்வூதியக்காரர்கள் இரண்டு பேர் நின்றார்கள். வாழ்த்து அட்டை அலமாரிக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் நின்றிருந்தான். நன்றாகச் சவரம் செய்த முகம், கருநீலச் சட்டை. கையில் பொட்டலமும் இல்லை, கடிதமும் இல்லை. ஒவ்வொருவரிடமும், "எனக்கு அவசரமில்லைங்க, நீங்க போங்க" என்று வழி விட்டுக்கொண்டிருந்தான். என்ன மரியாதை என்று நினைத்தேன்.

நான் உறைகளைக் கவுன்ட்டர் விளிம்பில் வைத்தேன். அவன் பக்கத்தில் வந்தான்.

"நெறைய இருக்கே. எல்லாம் பொத்தானாம்மா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உறைகளின் மேல் பொத்தான் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"வெதைங்க," என்றேன். "தக்காளி வெதை."

"அப்படியா," என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலே இருந்த உறையில் நான் எழுதியிருந்த முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே கையெழுத்தில் ஏழு உறை அவனிடம் இருந்தது. நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் யார் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. கிர்ஸ்டியின் சிவப்புத் தையலை அடையாளம் கண்டிருக்கிறான்; நான் படம் எடுத்துக் காட்டிய ஏழு சீட்டிலும் ரேவன்பி அஞ்சலகம் என்று அச்சாகியிருந்தது. கடுகு போன இடத்தை ஆராய்ந்தேன், பூசணிக்காய் போன இடம் தெரியவில்லை.

அவன் கதவருகே போய் எனக்காகக் காத்து நின்றான்.

போலின், "என்ன கிளெண்டா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றாள். நான் ஒரு சீட்டை இழுத்து அதன் முதுகில் எழுதினேன். 'என் வீட்டுக்கு போன் பண்ணு. அவன் வந்துட்டான், ஜூடித்தைக் கூப்பிட்டுப் பின்வாசல் வழியா போன்னு கிர்ஸ்டிகிட்ட சொல்லு. அப்புறம் போலீஸ்.' கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். போலின் ஊர் வம்பு முழுக்கப் பேசுகிறவள். அன்று மட்டும் ஏன், எதற்கு என்று கேட்காமல், "வழக்கம்போல முதல் வகுப்புதானே?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே எழுந்து போனாள்.

வெளியே வந்தேன். என் வீடு இடது கைப் பக்கம், ஐந்து நிமிஷம். நான் வலது பக்கம் திரும்பிக் கடற்கரைச் சாலையில் நடந்தேன். அவனும் இருபது அடி பின்னால் வந்தான்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்று கலங்கரை விளக்கம் வரை நடந்தேன். நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அவன் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்தான். நான் எழுந்தால் அவனும் எழுந்தான். ஒரு தடவை, "நல்ல காத்தும்மா," என்றான். "கொழந்தைங்களுக்கு ஒத்துக்கும்." கடவுளே, இந்த மனுஷன் பக்கத்தில் அந்தப் பெண் ஆறு வருஷம் எப்படி இருந்தாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். ஒவ்வோர் அடியிலும், இந்நேரம் பையைக் கட்டியிருப்பாள், இந்நேரம் ஐலாவுக்குச் செருப்பு மாட்டியிருப்பாள், இந்நேரம் ஜூடித் வண்டியைத் தெருவில் திருப்பியிருப்பாள் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போலீஸ் வண்டி வந்தது. கடல் காற்று வாங்க வந்தேன் என்றான். கிர்ஸ்டியை நெருங்கக் கூடாது என்று அவன்மேல் நீதிமன்ற உத்தரவு இருந்தது. ஆனால் அவன் நெருங்கியது என்னைத்தான். பெயரைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போகும்போது எனக்குக் கையசைத்துவிட்டுப் போனான். ரஸ்ஸலுக்குப் போன் போட்டேன். அவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்: "இப்ப ஞாபகம் வருது அத்தே. ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தன் கடைக்கு வந்து, பொத்தான் விக்கிற அம்மா இங்கியா இருக்காங்கன்னு கேட்டான். நல்ல மாதிரியாத்தான் பேசினான்."

வீட்டில் மாடி அறை காலியாக இருந்தது. ஐலாவின் ஒரு காலுறை படிக்கட்டில் கிடந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பதினோரு நாள் கழித்துக் கிர்ஸ்டி பேசினாள். எண் தெரியாத அழைப்பு. ஐலா நலம், தானும் நலம் என்றாள். நான் அழுதேன். தப்பு என்னுடையது, என் வாய்க்கொழுப்பு, என் திமிர் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க அவனக் கலங்கரை விளக்கம் வரைக்கும் இழுத்துட்டுப் போனதா ஜூடித் சொன்னாங்க. அத நான் மறக்க மாட்டேன் கிளெண்டா."

"எங்கடா கண்ணு இருக்கே? ஊர் பேர மட்டும் சொல்லு. புள்ளைக்கு ஒரு கோட்டு வாங்கி வெச்சிருக்கேன், அனுப்பி வைக்கிறேன்."

பின்னால் எங்கேயோ ஐலாவின் குரல் கேட்டது. என் பெயரைத்தான் சொன்னாளோ என்னவோ.

"வேணாம் கிளெண்டா," என்றாள் கிர்ஸ்டி, மெதுவாக. "உங்களுக்கு என்மேல பாசம்தான், எனக்குத் தெரியும். ஆனா யாராச்சும் உங்களப் பொய்க்காரின்னு சொல்லிட்டா, நிரூபிக்கறதுக்காக நீங்க சொல்லிடுவீங்க."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "கோட்ட ஜூடித்கிட்ட குடுத்துடறேன்," என்றேன்.