ஏ கேட்டால் ஙௌ

1

இந்தக் கதை ஒரு சண்டையிலிருந்து வந்தது. சண்டை என் அண்ணனுக்கும் அண்ணிக்கும். நான் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். "நீதான் கதையெல்லாம் எழுதறியே, நீயே சொல்லு, யார் பக்கம் நியாயம்?" என்று அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டார். எழுதிப் பார்த்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன். எழுதுகிறவளுக்கு இது ஒரு சௌகரியம்.

முதல் வாக்கியமாக இதை எழுதினேன்: "அவருடைய குரல் ஒரு பழைய லேப்டாப்பில் குடியிருந்தது." சே, எனக்கே கூச்சமாக இருந்தது. அடுத்தது: "தொண்டை அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் அவர்—" வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தால் நீங்கள் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். இது அழுகைக் கதை இல்லை. [இல்லை என்றுதான் நினைக்கிறேன்.]

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2

அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் திட்டுவதும் அவருக்கு ஒரே வேலைதான். "கிளட்ச்சை மிதின்னா என் உசிரை மிதிக்கறியே!" என்று அவர் கத்துவது அடுத்த தெருவுக்குக் கேட்கும். அப்படிப்பட்டவருக்குக் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு சின்ன மென்பொருளைத் தந்தார். ஆபரேஷனுக்கு முன்பே தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் சொந்தக் குரலில் பதிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அது எழுத்து எழுத்தாக ஒட்டிப் பேசிவிடும். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டு அ-விலிருந்து ஆரம்பித்தார். பட்டனை அழுத்தி அழுத்திப் பதிந்தது அண்ணி.*

* உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் எல்லாம் பதிந்தார்கள். ஸ, ஷ, ஜ, ஹ நினைவுக்கே வரவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த வரிசை அப்படி. அதனால் ஒரு டிரைவிங் மாஸ்டரால் இன்றுவரை 'பஸ்' என்று சொல்ல முடியவில்லை. "முன்னால பசு வருது, ஓரமா போ" என்கிறார். பையன்கள் பிரேக்கைப் போட்டுவிட்டு மாட்டைத் தேடுகிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மென்பொருளும் பேசியது. திக்கித் திக்கித்தான், ஆனாலும் அண்ணன் குரல். அப்புறம் ஒருநாள் அந்த லேப்டாப் கார் பானெட்டிலிருந்து விழுந்து செத்துப்போனது. மென்பொருளும் ஒலிகளும் பென்டிரைவில் பத்திரமாக இருந்தன. ஓட்டத்தான் இடமில்லை.

3

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். இவரை எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. அறிவாளியாக எழுதினால் வீட்டில் தலைகால் புரியாது. கோமாளியாக எழுதினால் சாப்பாட்டு மேஜையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். "கூர்மையான கண்களும் அமைதியான—" அடித்துவிட்டேன். அவருக்கு அப்படிக் கண்கள் கிடையாது.

உள்ளது இதுதான்: அவர் பென்குயின் கட்சி. உலகமே ஜன்னல் படம் போட்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தில் வேலை செய்யும்போது இவர் மட்டும் பென்குயின் படம் போட்டதைக் கட்டிக்கொண்டு அழுவார். சும்மா கிடந்த ஒரே லேப்டாப்பும் அவருடையது. அண்ணனுடைய மென்பொருளோ ஜன்னலுக்காக எழுதியது.

"இதுல அது எப்படிப்பா ஓடும்?" என்று அண்ணி கேட்டார்.

"நடுவுல மொழிபெயர்ப்பாளர் மாதிரி ஒரு புரோகிராமை, ஒரு ஆளை, உக்கார வெச்சுடலாங்க. உங்க மென்பொருள் அது பாஷையில 'அந்த ஒலியைக் குடு'ன்னு கேக்கும். இவன் பென்குயின் பாஷையில மாத்தி வாங்கிட்டு வந்து குடுப்பான். அதுக்கு வீடு மாறினதே தெரியாது."

"பாவம், ஏமாத்தறீங்களா அதை?"

"பதமா பாத்துக்கறோம்னு வெச்சுக்கோங்க" என்றார். இந்த ஒரு பதிலுக்காக அவரைக் கதையில் இருக்க விடுகிறேன்.

4

அண்ணன் முதலில் தட்டியது "ஏம்மா, கேக்குதா?" அண்ணியை அவர் கூப்பிடுவது அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து வேறு பெயர் கிடையாது.

ஸ்பீக்கரில் வந்தது: "(   )ம்மா, கேக்குதா?"

அடைப்புக்குறிக்குள் நான் எதையும் எழுதாமல் விட்டதற்கு மன்னியுங்கள். எழுதிப் பார்த்தேன். 'ஹஹ்ஹா' என்றால் நாடக வில்லன் ஆகிவிடுகிறது. 'களுக்' என்றால் சின்னப் பெண். அது அண்ணனுடைய சிரிப்பு. மூக்கில் ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் வெடிக்கிற சிரிப்பு. ஆபரேஷனுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு.

அண்ணி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "(   )ன் எல்லாரும் முழிக்கறீங்க?" என்று தட்டினார். மறுபடியும் அதே சிரிப்பு.

அண்ணிக்குத்தான் முதலில் பிடிபட்டது. ங வரிசை பதியும்போது ஙௌ வந்தது. 'இதை எவன் பேசப் போறான்' என்று அண்ணன் சிரித்துவிட்டார். பட்டன் அழுந்தியிருந்தது. எவனும் பேசப் போவதில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது நடுவில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கேயோ தடுமாறி, ஏ கேட்டால் ஙௌவை எடுத்துக் கொடுக்கிறான்.

5

சண்டை இங்கேதான். அண்ணன் உடனே சரி செய்யச் சொன்னார். "திங்கக்கிழமை கிளாசு எடுக்கணும். (   )ன் இண்டிகேட்டர் போடலன்னு கேட்டா பசங்க என்னை மதிப்பானுங்களா?"

"நீங்க சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அண்ணி.

நீங்கள் இப்போது சொல்லப்போவது எனக்குத் தெரியும்: அந்த ஙௌவை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு வேண்டும்போது கேட்கலாமே? நானும் சொன்னேன். "நானா போட்டுக் கேட்டா அது பாட்டு கேக்கற மாதிரி. அவர் என்னைக் கூப்பிடறப்போ வருது பாரு, அதுதான் எனக்கு வேணும்" என்றார் அண்ணி.

என் வீட்டுக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "ரெண்டு காப்பி வெச்சுக்கலாம் மச்சான். ஸ்கூலுக்குச் சரி பண்ணினது ஒண்ணு, வீட்டுக்கு இப்படியே ஒண்ணு."

"மாப்பிள்ளை, வீட்லதான் எனக்கு அந்த எழுத்து அதிகமா வேணும். நான் சண்டை போடறதே வீட்லதானே. (   )ன்னு கோவமா கேக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

கோபம் உச்சத்தில் இருந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. நாங்கள் மூவரும் உதட்டைக் கடித்துக்கொண்டோம். அண்ணன் முகம் சிவந்து லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சொந்தக் கோபம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டாமா? யார் பக்கம் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

6

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

சரி செய்துவிடுகிறார்கள், அண்ணி சமையலறைக்குள் போய்— கிழித்தேன். இவ்வளவு கல்நெஞ்சம் எனக்கு வேண்டாம்.

சரி செய்யாமல் விடுகிறார்கள், அண்ணன் மனம் மாறி அண்ணியைப் பார்த்து— கிழித்தேன். என் அண்ணனை உங்களுக்குத் தெரியாது.

லேப்டாப் மறுபடியும் பானெட்டிலிருந்து விழுகிறது. அண்ணி இதைப் படித்துவிட்டு, "வாயைக் கழுவு" என்றார்.

ஆகவே நடந்ததையே எழுதுகிறேன். கோளாறு எங்கே என்று பிடிபடுவதற்குள் திங்கட்கிழமை வந்துவிட்டது. அண்ணன் அந்த லேப்டாப்போடுதான் வகுப்பு எடுத்தார். வார முடிவில் என் வீட்டுக்காரர் துள்ளிக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். "கண்டுபிடிச்சுட்டேன் மச்சான்! ஒரே ஒரு வரி. என்டர் தட்டினா முடிஞ்சுது. சரி பண்ணிடட்டுமா?"

அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யோசித்தார். தட்டினார்.

"எதுக்கு?"

அண்ணி என் கையைப் பிடித்து அடுத்த அறைக்கு இழுத்துக்கொண்டு போனார். "திங்கக்கிழமை நான் கடைசி பெஞ்சில உக்காந்திருந்தேன். 'ஏன்'னு ஒரு தடவைகூடக் கேக்கல. எல்லாத்துக்கும் 'எதுக்கு', 'என்ன காரணம்'. 'எதுக்கு இண்டிகேட்டர் போடல?' ஒருத்தனும் சிரிக்கல. வீட்லயும் அப்படித்தான். அந்த எழுத்தையே ஒதுக்கிட்டாரு. சண்டைகூட நல்லாத்தான் போடறாரு."

"அப்புறம் என்ன அண்ணி?"

"என்னைக் கூப்பிட மட்டும் மாத்தல. 'இந்தாம்மா'ன்னு கூப்பிடலாம் இல்ல? 'இங்க பாரு'ன்னு சொல்லலாம் இல்ல? வாரம் பூரா அதேதான்." எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

7

முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் திரும்பி வந்து பார்த்தால், என் வீட்டுக்காரர் என்டர் மேல் விரலை வைத்தபடி குழம்பிப்போய் நிற்கிறார்.

நம் வீடுகளில் 'எதுக்கு' என்றால் 'எதுக்கு இதெல்லாம், விடு' என்றும் வரும். 'இதைக் கேக்கறதே எதுக்கு, சட்டுனு பண்ணு' என்றும் வரும். இரண்டையும் பிரித்துச் சொல்வது தொனி. அது இந்த மென்பொருளுக்குக் கிடையாது, நான் எழுதுகிற தாளுக்கும் கிடையாது. அண்ணனைத் திரும்பக் கேட்க எங்கள் மூவருக்கும் தைரியமில்லை.

தொனி இருப்பது உங்களிடம்தான். அந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுப் படியுங்கள். நீங்கள் படிக்கிறபடியே என் வீட்டுக்காரர் செய்வார். படிக்கும் முன் ஒன்று மட்டும்: அண்ணி வாசற்படியில் நின்று உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.