தோமாசாவின் எதிர்த்தட்டு

தோமாசாவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு, அவளுடைய கைத்தட்டல் சமையலறைக்குத் திரும்பி வந்தது. ஆள் வரவில்லை. தட்டல் மட்டும் வந்து, கொண்டைக்கடலை கொதிக்கும் சத்தத்துக்கு இடையிடையே விழுந்தது. ஹெரேஸ் நகரில் அந்த வருஷம் திராட்சை நல்ல விளைச்சல்.

தங்கை ஆதெலாவுக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. ஹித்தானோ என்னும் ஜிப்சிக் குலத்து வீட்டில் சாவு விழுந்தால் வருஷம் முடியும்வரை பாட்டு கிடையாது. ரேடியோவுக்குக்கூடக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தாள். ஆனால் தலைநகர் மத்ரீத்தின் இசைத்தட்டுக் கம்பெனியோ, இந்த மாதம் ஒலிப்பதிவுக்கு வராவிட்டால் பாட்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தது. அக்காவும் தங்கையும் சேர்ந்து கட்டிய பாட்டு அது. தெருவின் பழைய புலேரியா தாளத்துக்கு மின்சாரக் கிட்டாரும் டிரம்ஸும் பூட்டி, இளசுகள் ஆடுகிற மாதிரி செய்திருந்தார்கள். ஆதெலா பாடிக்கொண்டே தாளத்தின் நேர் அடிகளைத் தட்டுவாள். அந்த அடிகளின் நடுவில் எதிர்த்தட்டு போடுவது தோமாசா. கடைசிச் சரணம் வந்தால் தோமாசாவுக்குப் பொறுமை போய்விடும், லாயத்தைக் கண்ட குதிரைபோல் ஓடுவாள். அவர்கள் வாழ்நாளெல்லாம் போட்ட சண்டை அதற்காகத்தான்.

மீன்காரி எங்கார்னா கூடையோடு வாசலில் நின்றாள்.

"அடியே, இது தோமாசா கைதானே?"

"வேற யாரு? கறுப்புத் துணியப் போட்டு இதையும் மூடச் சொல்றியா?"

"செத்தவளே துக்கம் காக்கல. நீ யாருக்குடி காக்கிற?"

"ஊர் என்ன சொல்லும்?"

"ஊரா? என் காலைப் பாரு, அது எப்பவோ ஆட ஆரம்பிச்சிருச்சு!"

தெரு முழுக்கக் கால்கள் அப்படித்தான் இருந்தன. கொடியில் காய்ந்த சட்டைகள்கூடக் கைகளை உயர்த்தின. ஆதெலா கறுப்பு உடையோடே மத்ரீத் ரயிலேறினாள். தட்டலுக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது.

ஒலிப்பதிவுக்காரர் லொரென்ஸோ மரியாதையாகத்தான் பேசினார். "கைத்தட்டெல்லாம் மெஷின்ல போட்டுக்கலாம்மா. இப்ப அதான் ஃபேஷன்."

"உங்க மெஷின் எந்தத் தெருவுல பொறந்துச்சு?"

"ஜப்பான்லம்மா."

"அப்ப ஜப்பான் பாட்டுக்குப் போடுங்க. இது எங்க சாந்தியாகோ தெருப் பாட்டு."

அவள் தட்டினாள். நடுவில் எதிர்த்தட்டு விழுந்தது. லொரென்ஸோ காதில் மாட்டியிருந்ததை அழுத்திக்கொண்டு காலி மைக்கையே பார்த்தார். தொழிலில் பழுத்தவர். "அக்காவ மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா." தட்டல் தள்ளி நின்றது.

கடைசிச் சரணத்தில் அக்கா ஓட்டமெடுத்தாள். டிரம்ஸ் தடுமாறியது. நிறுத்தச் சொல்லி லொரென்ஸோ கையைத் தூக்கினார். ஆதெலா முதன்முறையாக அக்காவை இழுத்துப் பிடிக்கவில்லை. மூச்சிரைக்கப் பாடியபடி கூடவே ஓடினாள்.

இசைத்தட்டு அப்படியே வெளிவந்தது. அந்தக் கோடையில் நாடு முழுக்கக் கல்யாணங்களில் கடைசிச் சரணத்துக்கு எல்லோரும் ஓடினார்கள். ஆதெலா வழக்கத்தை மீறவில்லை. கறுப்புத் துணியை வருஷம் முடிந்த பிறகுதான் எடுத்தாள். அதுவரை ரேடியோ துணிக்குள்ளிருந்தே அந்தப் பாட்டைப் பாடியது. சமையலறையில் தோமாசா, தன்னையே முந்தப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.